‘லெ கொர்போ’ திரைப்படத்தில் நன்மையும் தீமையும்

‘லெ கொர்போ’ 1943-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் வெளிவந்த பிரெஞ்சுத் திரைப்படம். இயக்குநர் ஆன்றி-ஜார்ஜ் குளூஸோ (1907–1977). திரைக்கதையை லூயி ஷவான்ஸும் குளூஸோவும் எழுதினர். குளூஸோ இயக்கிய இரண்டாவது முழுநீளப் படம் இது. ‘கொர்போ’ என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு அண்டங்காக்கை என்று பொருள். ஒரு சிறு நகரத்தில் பெயரில்லாத கடிதங்களை எழுதி அனுப்பும் ஒருவர் இந்தப் பெயரில் கையொப்பமிடுகிறார். இன்றும் பிரான்சில் மொட்டைக் கடிதம் எழுதுபவரைக் ‘கொர்போ’ என்று சொல்வதுண்டு. அந்த வழக்கைப் பரப்பியதில் இப்படத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

நல்லவர், கெட்டவர் என்று மனிதரைப் பிரிக்க முடியுமா என்ற கேள்வியைப் பேசும்போது இப்படத்தின் விளக்குக் காட்சி அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. அந்தக் காட்சியில் வரும் கருத்தே படத்தின் கருத்து என்று கொள்வோரும் பலர். ஆனால் அந்தக் கருத்தைச் சொல்பவர் யார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் படம் வேறொன்றைச் சொல்வது புலப்படும். இக்கட்டுரை அதை விளக்குகிறது. கதையின் முடிவும் இதில் சொல்லப்பட்டுள்ளது.

பின்னணி

படத்துக்கு மூலமாக அமைந்தது ஓர் உண்மை நிகழ்ச்சி. நடுப் பிரான்சில் உள்ள தூல் நகரில் 1917 முதல் 1922 வரை நகரத்தாரின் அந்தரங்கங்களைச் சொல்லும் மொட்டைக் கடிதங்கள் தொடர்ந்து வந்தன. குற்றவியல் அறிஞர் எட்மோன் லொகார் சந்தேகத்துக்குரியவர்களை உட்கார வைத்து, சொல்லச் சொல்ல எழுத வைத்து, கையெழுத்தை ஒப்பிட்டார். அரசு அலுவலகத்தில் பணியாற்றிய ஆன்ஜெல் லவால் என்ற பெண்ணே எழுதியவர் என்று தீர்மானிக்கப்பட்டது. இந்தச் செய்தியைக் கொண்டு ஷவான்ஸ் இரண்டாம் உலகப்போருக்கு முன்பே ஒரு திரைக்கதையை எழுதி வைத்திருந்தார்.

அது படமானபோது காலம் மாறியிருந்தது. பிரான்ஸ் ஜெர்மனியின் ஆக்கிரமிப்பில் இருந்தது. அண்டை வீட்டார் யூதர் என்றும், எதிர்ப்பியக்கத்தவர் என்றும், கள்ளச்சந்தையில் பொருள் விற்பவர் என்றும் அதிகாரிகளுக்குப் பெயரிடாமல் எழுதிப்போடுவது நாட்டில் பரவியிருந்தது. அத்தகைய கடிதத்தால் ஒருவர் உயிரே போகக்கூடும். படத்தில் ஒரு ஜெர்மானியப் படைவீரர்கூட வருவதில்லை. போரைப் பற்றிய பேச்சும் இல்லை. ஊர், இங்கேயோ வேறெங்கேயோ உள்ள ஒரு சிறு நகரம் என்று மட்டுமே தொடக்கத்தில் அறிமுகமாகிறது. ஆயினும் 1943-இல் திரையரங்கில் அமர்ந்திருந்தவர்களுக்கு அந்தக் கடிதங்கள் எதை நினைவூட்டியிருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று.

கதைச் சுருக்கம்

சேன்-ரொபேன் என்ற நகரின் மருத்துவமனையில் பணிபுரிபவர் மருத்துவர் ரெமி ஜெர்மேன் (பியர் ஃபிரெனே). ஊருக்குப் புதியவர், யாரிடமும் ஒட்டாதவர். மனநல மருத்துவர் வோர்ஸேயின் (பியர் லார்க்கே) இளம் மனைவி லோராவுடன் (மிஷ்லின் ஃபிரான்ஸே) அவருக்குக் கள்ளத்தொடர்பு உண்டென்றும், அவர் சட்டத்துக்குப் புறம்பாகக் கருக்கலைப்புச் செய்பவர் என்றும் கடிதங்கள் வருகின்றன. பிறகு ஊரில் பலருக்கும் கடிதங்கள் வருகின்றன. ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் மறைத்து வைத்ததை வெளியே இழுக்கிறது.

மருத்துவமனையில் 13-ஆம் எண் படுக்கையில் இருக்கும் பிரான்சுவா என்ற இளைஞனுக்கு ஒரு கடிதம் வருகிறது. அவனுக்கு வந்திருப்பது ஆறாத புற்றுநோய் என்று அது சொல்கிறது. அவன் சவரக்கத்தியால் கழுத்தை அறுத்துக்கொண்டு இறக்கிறான். அவனுடைய இறுதி ஊர்வலத்தில் மற்றொரு கடிதம் தெருவில் விழுகிறது. பழி லோராவின் அக்காளும் மருத்துவமனைச் செவிலியுமான மரி கோர்பேன் (எலெனா மான்சோன்) மீது விழுகிறது. கூட்டம் துரத்த அவள் ஓடுகிறாள், கைதாகிறாள். சில நாள் கடிதங்கள் நிற்கின்றன. பிறகு தேவாலயத்தில் வழிபாடு நடக்கும்போது மேல்மாடத்திலிருந்து ஒரு கடிதம் மிதந்து இறங்குகிறது. மரி குற்றமற்றவள் என்பது தெளிவாகிறது.

அப்போது மேல்மாடத்தில் இருந்தவர்களை எல்லாம் பள்ளி வகுப்பறையில் உட்கார வைத்து, சொல்வதை எழுதும் சோதனை நடக்கிறது. கடிதங்களைப் படித்துச் சொல்பவர் வோர்ஸே. பின்னர் லோராவின் மீது சந்தேகம் திரும்புகிறது. முதல் கடிதத்தை மட்டுமே தான் எழுதியதாகவும், மற்றவற்றைக் கணவர் தன்னைக் கொண்டு எழுத வைத்ததாகவும் அவள் கதறுகிறாள். வோர்ஸே அவளுக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்கிறார். ஜெர்மேனும் அதை நம்பிவிடுகிறார். அவளை மனநோயாளிகள் இல்லத்துக்குக் கொண்டுபோகிறார்கள். உண்மையை உணர்ந்து ஜெர்மேன் ஓடிவரும்போது வோர்ஸே மேசையில் கழுத்தறுபட்டுக் கிடக்கிறார். அவர் முன்னே ‘கொர்போ’வின் கடைசிக் கடிதம் இருக்கிறது. சன்னல் வழியே பார்த்தால், பிரான்சுவாவின் தாய் (சில்வி) கறுப்பு உடையில் தெருவில் நடந்து போகிறாள்.

கதைமாந்தர்: தோற்றமும் இயல்பும்

ஒவ்வொருவரைப் பற்றியும் பார்ப்பவர் மனத்தில் முதலில் ஒரு கருத்தைப் பதிய வைத்து, பிறகு அதைக் கலைப்பது இப்படத்தின் முறை.

ஜெர்மேன் முதலில் கையில் இரத்தத்தோடு அறிமுகமாகிறார். ஒரு பிரசவத்தில் தாயைக் காப்பாற்றினார், குழந்தை பிழைக்கவில்லை. இது பலமுறை நடந்ததால் ஊரார் அவரைச் சந்தேகிக்கின்றனர். விசி அரசு 1942 பிப்ரவரியில் இயற்றிய சட்டம் கருக்கலைப்பை நாட்டுக்கு எதிரான குற்றமாக்கியது. படம் வெளிவருவதற்கு இரண்டு மாதம் முன்பு, 1943 ஜூலை 30 அன்று, மரி-லூயிஸ் ஜிரோ என்ற பெண் இக்குற்றத்துக்காகக் கில்லட்டினில் தலை வெட்டப்பட்டார். ஆகவே கடிதங்கள் சொன்ன பழி வெறும் அவதூறு அல்ல, கழுத்துக்குக் கத்தி. ஆனால் ஜெர்மேனின் கதை வேறு. அவர் முன்பு பெயர்பெற்ற மூளை அறுவை மருத்துவர். குழந்தையைக் காக்கும் முயற்சியில் மருத்துவர்கள் அவர் மனைவியையும் குழந்தையையும் சேர்த்தே இழக்கவிட்டனர். அதன் பிறகு அவர் வேறு பெயரில் வாழ்கிறார். எந்தப் பிரசவத்திலும் தாயையே முதலில் காப்பாற்றுகிறார். கருணையிலிருந்து பிறந்த உறுதி அது. ஆனால் அதே உறுதி அவரை இறுகியவராகவும் பிறரை எளிதில் தீர்ப்பிடுபவராகவும் ஆக்கியிருக்கிறது.

டெனிஸ் (ஜினெட் லெக்லேர்) பள்ளித் தலைமையாசிரியரின் தங்கை. நகச்சாயம் பூசிப் படுக்கையில் கிடப்பவள். நோய் என்று பொய் சொல்லி மருத்துவரை வரவழைப்பவள். ஊரார் கண்ணில் நடத்தை கெட்டவள். பார்வையாளரும் முதலில் அப்படியே நினைப்பர். அவள் ஒரு விபத்தில் ஊனமுற்ற காலை மறைத்து வாழ்வது பிறகே தெரிகிறது. படத்தில் பிறரை ஏமாற்றாமல் தன் விருப்பத்தை நேராகச் சொல்பவள் அவள்தான். ஆனால் அவளையும் குளூஸோ மாசற்றவளாக விட்டுவிடவில்லை. தான் கருவுற்றிருப்பதை ஜெர்மேனுக்குச் சொல்ல வழி தெரியாமல் அவளும் ‘கொர்போ’ பெயரில் ஒரே ஒரு கடிதம் எழுதியிருக்கிறாள்.

லோரா இதற்கு நேர் எதிர். அடக்கமான உடை, மென்மையான பேச்சு, நோயாளிகளுக்குச் சேவை. ஊரார் நல்லவள் என்று நம்பும் பெண். முதல் கடிதத்தை எழுதியது அவள் கைதான். தன் காதலை ஏற்காத ஜெர்மேன்மீது கொண்ட ஆற்றாமையே காரணம். ஆயினும் அவள் செய்ததற்கும், அதன் பிறகு அவள் கணவர் செய்ததற்கும் இடையே பெரிய தூரம் இருக்கிறது. அந்தத் தூரத்தைப் பார்க்காமல் ஜெர்மேன் அவளைக் கைவிடுகிறார். நாயகன் செய்யும் பெரும் பிழை இது.

மரி கோர்பேன் முகத்தில் கடுமை, நோயாளிகளிடம் சிடுசிடுப்பு. பெயரிலும் ‘கொர்போ’வின் ஒலி இருக்கிறது. வோர்ஸேக்கு முதலில் நிச்சயிக்கப்பட்டவள் அவள். தங்கை அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டாள். விரும்பத்தகாதவளாக இருப்பதும் குற்றவாளியாக இருப்பதும் ஒன்றல்ல என்பதை ஊர் மறந்துவிடுகிறது. அவள் ஆளில்லாத தெருக்களில் ஓடும்போது கூட்டத்தின் கூச்சல் மட்டும் கேட்கிறது. வீடு வந்து சேர்ந்தால் பொருள்கள் உடைந்து கிடக்கின்றன. கடிதம் எழுதியவர் ஒருவர், கல்லெடுத்தவர்கள் ஊரார்.

நகரின் பெரிய மனிதர்களும் தப்பவில்லை. கடிதங்களை நிறுத்த முடியாத அவர்கள், கடிதங்கள் யாரைக் குறிவைக்கின்றனவோ அவரை வெளியேற்றிவிட்டால் அமைதி திரும்பும் என்று எண்ணுகிறார்கள். ஜெர்மேனை வலையில் சிக்கவைக்க, கருக்கலைப்புக் கேட்டு ஒரு பெண்ணை அனுப்புகிறார்கள். அவர் மறுத்து விரட்டுகிறார். மொட்டைக் கடிதத்தை இகழ்ந்து பேசுவோரே அதன் முறையைக் கையாள்வதை இங்கே காண்கிறோம்.

விளக்குக் காட்சி

எழுதும் சோதனை முடிந்த பின் அதே வகுப்பறையில் ஜெர்மேனும் வோர்ஸேயும் பேசிக்கொள்கிறார்கள். மனிதருள் நல்லவர், தீயவர் என்று இரு பிரிவு உண்டு என்பதுபோல ஜெர்மேன் பேசுகிறார். வோர்ஸே சிரித்துக்கொண்டே தொங்கும் மின்விளக்கைக் கையால் தள்ளுகிறார். விளக்கு ஊசலாடுகிறது. ஒளி இருந்த இடத்தில் இருள் வருகிறது. இருள் இருந்த இடத்தில் ஒளி வருகிறது. இருவர் முகங்களிலும் நிழல் ஏறி இறங்குகிறது. ஒளியின் எல்லை எங்கே, நிழலின் எல்லை எங்கே, நாம் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று தெரியுமா என்பது வோர்ஸேயின் கேள்வி. விளக்கை நிறுத்திவிட்டால் போதும் என்று ஜெர்மேன் கைநீட்டுகிறார். சூடு அவர் விரலைச் சுடுகிறது. சோதனை தன் கருத்தை மெய்ப்பித்துவிட்டது என்று வோர்ஸே மகிழ்கிறார்.

இக்காட்சி சொல்வது பொய்யல்ல. மேலே கண்ட கதைமாந்தர் அனைவரும் அதற்குச் சான்று. டெனிஸிடமும் லோராவிடமும் ஜெர்மேனிடமும் ஒளியும் நிழலும் கலந்தே இருக்கின்றன.

ஆனால் இதைச் சொல்பவர் வோர்ஸே. பிரான்சுவாவைச் சாவுக்குத் தள்ளிய கடிதம் அவருடையது. மைத்துனி மரியை ஊரார் துரத்தியபோது உண்மை தெரிந்தும் வாய் திறக்காதவர் அவர். மனைவியைப் பைத்தியம் என்று அனுப்பிவைக்கப் போகிறவரும் அவரே. வகுப்பறையில் தம் கடிதங்களையே தாம் படித்துச் சொல்லி, அப்பாவிகள் மணிக்கணக்கில் எழுதித் தவிப்பதை வேடிக்கை பார்த்துவிட்டுத்தான் இந்த விளக்கைத் தள்ளுகிறார். எல்லாரிடமும் தீமை உண்டு என்ற உண்மை அவர் வாயில் வரும்போது, ஆகவே யாரையும் குற்றம் சொல்ல முடியாது என்ற சாக்காக மாறிவிடுகிறது. அந்தச் சாக்கு யாருக்குப் பயன்படுகிறது என்பதை முதல்முறை பார்ப்பவர் அறியார். இரண்டாம் முறை பார்ப்பவருக்கு இதே காட்சி வேறொன்றாகத் தெரியும். ஒரு குற்றவாளி தம்மைத் தேடுபவரிடம், தேடுவது வீண் என்று நம்பவைக்கிறார்.

ஆகவே படம் இரண்டு செய்திகளைச் சேர்த்தே சொல்கிறது. மனித இயல்பு கலவையானது. செயலுக்கான பொறுப்போ ஊசலாடுவதில்லை. டெனிஸ் எழுதிய ஒரு கடிதமும், லோரா எழுதிய முதல் கடிதமும், பிரான்சுவாவுக்கு வந்த கடிதமும் ஒரே கையொப்பம் கொண்டவை. ஒன்று தயக்கம், ஒன்று பொறாமை, ஒன்று கொலை. மூன்றையும் ஒரே தட்டில் வைப்பது வோர்ஸேயின் கணக்கு. அந்தக் கணக்கை ஏற்றுக்கொண்டதால்தான் ஜெர்மேன் லோராவுக்கு அநீதி இழைக்கிறார். முதல் கடிதம் அவளுடையது என்றதும், எல்லாமே அவளுடையவை என்று நம்பிவிடுகிறார்.

தாயின் சவரக்கத்தி

பிரான்சுவாவின் தாய் மகன் இறந்த சவரக்கத்தியை வைத்திருக்கிறாள். எழுதியவர் யாரென்று தெரியும்போது அதைப் பயன்படுத்துவேன் என்று முன்பே ஜெர்மேனிடம் சொல்லியிருக்கிறாள். ஊரில் அனைவரும் சந்தேகித்துக்கொண்டும் பேசிக்கொண்டும் இருக்க, அவள் மட்டும் பேசாமல் காத்திருக்கிறாள். கடைசியில் அவள் சரியான ஆளைக் கண்டடைகிறாள். ஜெர்மேன் அவள் போவதைப் பார்க்கிறார், தடுக்கவில்லை.

இதை நீதி என்று சொல்லலாமா? சட்டம் முதலில் தவறான ஆளைச் சிறையில் அடைத்தது. பின்பு தவறான ஆளை மனநோயாளிகள் இல்லத்துக்கு அனுப்பியது. தாய் தவறவில்லை. ஆனால் அவள் தவறியிருக்கவும் கூடும். மரியைத் துரத்திய கூட்டமும் தன் முடிவு சரி என்றே உறுதியாக நம்பியது. தாயின் பழிவாங்கலைக் கைதட்டி ஏற்க நினைப்பவரை மரியின் ஓட்டம் தடுக்கிறது. அவளைக் கொலைகாரி என்று ஒதுக்க நினைப்பவரை பிரான்சுவாவின் சாவு தடுக்கிறது. குளூஸோ தீர்ப்புச் சொல்லாமல் படத்தை முடிக்கிறார். அவள் நடந்து போகும் தெருவில் சிறுவர்கள் விளையாடிக்கொண்டிருக்கிறார்கள்.

படத்தின் மீது வந்த தீர்ப்பு

படம் பேசிய கேள்வி படத்தை எடுத்தவரிடமும் திரும்பியது. ‘லெ கொர்போ’வைத் தயாரித்தது காண்டினென்டல் ஃபிலிம்ஸ். ஆக்கிரமிப்பின்போது ஜெர்மானியர் பாரிசில் 1940-இல் தொடங்கிய நிறுவனம் அது. அதன் தலைவர் ஆல்ஃபிரெட் கிரேவன். குளூஸோ அதன் திரைக்கதைப் பிரிவுக்குப் பொறுப்பாளராகவும் இருந்தார்.

விசி அரசை ஆதரித்தோரும் கத்தோலிக்கத் தரப்பினரும் படத்தை ஒழுக்கக்கேடு என்றனர். எதிர்ப்பியக்கத்தின் தலைமறைவு ஏடு, பிரெஞ்சு மக்களை இழிவாகக் காட்டி எதிரிக்கு உதவுகிறது என்று சாடியது. அக்காலத்தில் வெளிவந்த கிரெமிய்யோனின் ‘லெ சியெல் எ அ வூ’ படத்தை நல்ல பிரெஞ்சு மனிதர்களைக் காட்டும் படமாக அதற்கு எதிரே நிறுத்தியது. 1944-இல் நாடு விடுதலை பெற்றதும் படம் தடை செய்யப்பட்டது. ஃபிரெனேயும் லெக்லேரும் சிறைவைக்கப்பட்டனர். குளூஸோவுக்கு வாழ்நாள் முழுவதும் படமெடுக்கத் தடை விதிக்கப்பட்டு, பின்னர் அது இரண்டு ஆண்டாகக் குறைந்தது. சார்த்ரு, கொக்தோ போன்றோர் அவருக்கு ஆதரவாக நின்றனர். 1947-இல் ‘கே தெஸ் ஒர்ஃபேவ்ர்’ படத்துடன் அவர் திரும்பி வந்தார்.

இங்கும் வோர்ஸேயின் விளக்கை நினைத்துப் பார்க்கலாம். அனைவரும் ஏதோ ஒரு வகையில் உடன்பட்டவர்களே, ஆகவே குளூஸோவைக் கேள்வி கேட்க முடியாது என்பது சரியான விடையாகாது. எதிரியின் பணத்தில் எடுத்தார், ஆகவே படம் எதிரிக்குரியது என்பதும் சரியாகாது. அந்நிறுவனத்தில் சம்பளம் பெற்றது ஒரு செயல். காட்டிக்கொடுக்கும் கடிதத்தின் கொடுமையை அந்த நிறுவனத்தின் பெயரிலேயே திரையில் காட்டியது மற்றொரு செயல். இரண்டையும் தனித்தனியே எடை போடவேண்டும்.

மதிப்பீடு

படத்துக்குக் குறைகளும் உண்டு. கடைசியில் ஒரே குற்றவாளியைச் சுட்டுவதால், கல்லெடுத்த ஊரும் வலை விரித்த பெரிய மனிதர்களும் கேள்வியின்றித் தப்பிவிடுகிறார்கள். மரியிடம் யாரும் மன்னிப்புக் கேட்பதாகக் காட்சி இல்லை. லோராவுக்கு என்ன நேர்ந்தது என்பதும் சொல்லப்படவில்லை. பெண்கள்மீதே சந்தேகம் மாறிமாறி விழுவதும் கவனிக்கத்தக்கது. அந்த ஊரில் பெண்ணை நம்பாமலிருப்பது எளிது. வெள்ளைத் தாடியும் புன்சிரிப்பும் உள்ள முதிய மருத்துவரை நம்புவது அதைவிட எளிது. பார்வையாளரும் இதே தவற்றைச் செய்கிறார் என்பதே இப்படத்தின் வலிமை.

நல்லவர், கெட்டவர் என்ற கோட்டைப் பற்றி எழுதும் மாணவர்கள் விளக்குக் காட்சியோடு நின்றுவிடாமல், ஜெர்மேன் டெனிஸிடம் அவள் எழுதிய கடிதத்தைப் பற்றிக் கேட்கும் காட்சியையும் பார்க்கவேண்டும். தன் கண்ணைப் பார்த்துப் புரிந்துகொள்ளும்படி அவள் கேட்கிறாள். கையெழுத்துச் சோதனையோ ஊர்ப் பேச்சோ அங்கே உதவாது. அவள் ஒரு கடிதம் எழுதினாள் என்பதை அறிந்தும், மற்றவற்றை எழுதவில்லை என்பதை ஜெர்மேன் நம்புகிறார். படத்தில் அவர் மனிதரைச் சரியாகக் கணித்த இடம் அது ஒன்றே. லோராவிடம் அவர் காட்டத் தவறிய பொறுமையும் அதுவே.